பெரிய ரொட்டி! சின்ன ரொட்டி! சட்டத்தை ஒழித்த சங்கத்தின் கதை

இரண்டு நீளக் கம்புகள். ஒரு கம்பின் நுனியில் பெரிய ரொட்டி ஒன்று குத்தி வைக்கப்பட்டிருக்கும். இன்னொரு கம்பின் நுனியில் சின்னஞ்சிறு ரொட்டி. இரண்டையும் உயரத் தூக்கிப் பிடித்துக் கொண்டு ஊர்வலம் போகும்.

1840-ம் ஆண்டையொட்டி, இங்கிலாந்து நாட்டுத் தேர்தல்களில் மக்கள் கண்ட காட்சி இது.

"சட்டம் ஒழிந்தால் உங்கள் காசுக்குப் பெரிய ரொட்டி கிடைக்கும். சட்டம் நீடித்தால் சின்ன ரொட்டிதான்!"

இதுதான் அந்த ஊர்வலத்தின் பொருள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது ஒரு நொடியில் விளங்கியது.

ஊர்வலத்தை நடத்தியது ஒரு சங்கம். அது அரசியல் கட்சி அல்ல. ஆட்சிக்கு வர வேண்டும் என்ற ஆசையும் அதற்கு இல்லை. ஆனால் எட்டே ஆண்டுகளில் அது பிரதம மந்திரியின் மனத்தையே மாற்றியது. நாட்டை ஆண்ட கட்சி இரண்டாகப் பிளந்தது!

அந்தச் சங்கத்தின் கதை, சங்கங்கள் நிறைந்த இந்தக் காலத்துக்கும் பாடம் சொல்லும் கதை.

ரொட்டிக்கு வந்த சோதனை

நமக்குச் சோறு எப்படியோ அப்படித்தான் இங்கிலாந்து ஏழைக்கு ரொட்டி. ரொட்டி விலை ஏறினால் வீட்டில் அடுப்பு அணையும்.

1815-ம் ஆண்டு. பிரான்சுடன் நடந்த நீண்ட யுத்தம் முடியும் நேரம். யுத்த காலத்தில் வெளிநாட்டுக் கோதுமை சரியாக வரவில்லை. அதனால் உள்நாட்டுக் கோதுமைக்கு நல்ல விலை கிடைத்தது. நிலச் சொந்தக்காரர்கள் பெரும் பணம் சேர்த்தார்கள்.

யுத்தம் நின்றால் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக் கோதுமை வந்து இறங்கும். விலை சரிந்துவிடும். என்ன செய்வது?

நிலப்பிரபுக்களுக்கு இது பெரிய கஷ்டம் அல்ல. ஏனென்றால் பார்லிமெண்டே அவர்கள் கையில்தான் இருந்தது! மேல்சபையில் பிரபுக்கள். கீழ்சபையில் பெரும்பாலும் அவர்களின் பிள்ளைகள், உறவினர்கள், நண்பர்கள்.

அவர்கள் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். அதுவே தானியச் சட்டம். உள்நாட்டில் ஒரு குவார்ட்டர் கோதுமை (சுமார் 218 கிலோ) 80 ஷில்லிங் விலையை எட்டும் வரையில், வெளிநாட்டுக் கோதுமையை விற்பனைக்கு விடக்கூடாது என்றது அந்தச் சட்டம்.

லண்டன் மக்கள் கொதித்து எழுந்தார்கள். கலகம் மூண்டது. பார்லிமெண்டு கட்டிடத்தைச் சுற்றிச் சிப்பாய்கள் காவல் நின்றார்கள். அந்தக் காவலுக்குள்ளேயே சட்டம் நிறைவேறியது!

1828-ம் ஆண்டில் சட்டம் சற்றுத் திருத்தப்பட்டது. தடைக்குப் பதிலாக, விலைக்குத் தக்கபடி ஏறி இறங்கும் வரி வந்தது. பெயர்தான் மாறியது. ஏழையின் ரொட்டியிலிருந்து ஒரு பங்கு நிலச் சொந்தக்காரருக்குப் போவது நிற்கவில்லை.

மான்செஸ்டரில் பிறந்த சங்கம்

இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் மாவட்டம் இருக்கிறது. அப்போது அந்த மாவட்டத்தில் இருந்த மான்செஸ்டர், உலகத்துக்கே துணி அனுப்பிய நகரம். எங்கு பார்த்தாலும் பஞ்சாலைகள்; புகைபோக்கிகள். ஆனால் 1832-ம் ஆண்டு வரையில் இத்தனை பெரிய நகரத்துக்குப் பார்லிமெண்டில் தனியாக ஓர் உறுப்பினர்கூட இல்லை!

அந்த ஊரில் 1838-ம் ஆண்டு ஒரு சில வியாபாரிகள் ஒன்று கூடினார்கள். தானியச் சட்டத்தை ஒழிக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். மறு ஆண்டே மற்ற ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து, 'தானியச் சட்ட எதிர்ப்பு லீக்' என்ற பெரிய அமைப்பு உருவாயிற்று.

வியாபாரிகளுக்கு ஏன் இந்த அக்கறை?

ஏழைகளிடம் இரக்கம் இருந்தது உண்மை. அத்துடன் சொந்த லாபமும் இருந்தது. வெளிநாட்டார் இங்கே கோதுமை விற்க முடிந்தால்தான், அந்தப் பணத்தைக் கொண்டு மான்செஸ்டர் துணியை வாங்குவார்கள். ரொட்டிக்குச் செலவாகும் காசு மிஞ்சினால் உள்ளூர் மக்களும் துணி வாங்குவார்கள்.

ஒரே விதமான நன்மையை நாடுகிறவர்கள் ஒன்று சேர்ந்து, ஆட்சியில் இருப்பவர்களைத் தங்கள் பக்கம் திருப்பப் பாடுபடுவது. இதுதான் இத்தகைய சங்கங்களின் இலக்கணம். கட்சி நாற்காலியைத் தேடும். சங்கம் நாற்காலியில் இருப்பவரைத் தேடும்.

இரண்டு நண்பர்கள்

லீக்கின் உயிர்நாடியாக இருந்தவர்கள் இருவர்.

ஒருவர் ரிச்சர்டு காப்டன். 1804-ம் ஆண்டு பிறந்தவர். தந்தை சிறு விவசாயி. நிலத்தை இழந்து நொடித்துப் போனவர். காப்டன் சிறு வயதிலேயே மாமன் கடையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்று, பிறகு சொந்தமாகத் துணி வியாபாரம் செய்து முன்னுக்கு வந்தார். நிதானமாக, கணக்குக் காட்டிப் பேசுவார்.

மற்றவர் ஜான் பிரைட். ராக்டேல் என்ற ஊரில் பஞ்சாலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். பேச எழுந்தால் கூட்டம் மெய்மறந்து கேட்கும்.

1841-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். பிரைட்டின் இளம் மனைவி நோயால் இறந்து போனார். திருமணமாகி இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. இடிந்துபோய் உட்கார்ந்திருந்த பிரைட்டைப் பார்க்க வந்தார் காப்டன். ஆறுதல் சொன்னார். பிறகு, இதே நேரத்தில் நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் பெண்களும் குழந்தைகளும் பசியால் செத்துக் கொண்டிருப்பதை நினைவூட்டினார். துக்கம் சற்று ஆறியதும் தம்முடன் வருமாறும், சட்டம் ஒழியும் வரையில் இருவரும் ஓய்வதில்லை என்றும் சொன்னார்.

பிரைட் எழுந்தார். அதன் பிறகு இருவரும் ஓயவே இல்லை.

தபால்காரர் கொண்டு வந்த பிரசாரம்

லீக்கின் வேலை முறை புதுமையானது.

அதற்கு முன்பெல்லாம் கடிதம் அனுப்புவது பணக்காரர் காரியம். தூரத்துக்குத் தக்கபடி கட்டணம். அதையும் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவரே கொடுக்க வேண்டும். 1840-ம் ஆண்டு ஜனவரியில் நிலைமை மாறியது. நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னி கொடுத்தால் கடிதம் போகும் என்ற திட்டம் வந்தது.

லீக் இதை விடவில்லை. லட்சக்கணக்கில் துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டு, ஓட்டுரிமை உள்ளவர்களின் வீடு தேடி அனுப்பியது. புதிதாகப் போடப்பட்ட ரெயில் பாதைகளில் ஏறி அதன் பேச்சாளர்கள் ஊர் ஊராகச் சென்றார்கள்.

1843-ம் ஆண்டு ஜேம்ஸ் வில்சன் என்பவர் லண்டனில் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். லீக்கின் கொள்கையை ஆதரித்து எழுதிய அந்தப் பத்திரிகையின் பெயர் 'எக்கனாமிஸ்ட்'. இன்றும் அது வெளிவந்து கொண்டிருக்கிறது. இதே வில்சன்தான் பின்னாளில் இந்தியாவுக்கு நிதி உறுப்பினராக வந்து, 1860-ம் ஆண்டு இந்தியாவில் முதல் முதலாக வருமான வரியைப் புகுத்தியவர்!

பெண்கள் நடத்திய சந்தை

அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெண்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் ரொட்டி விலை ஏறினால் முதலில் திண்டாடுவது அவர்கள்தானே?

லீக் பெண்களையும் சேர்த்துக் கொண்டது. அவர்கள் வீடு வீடாகச் சென்று மனுவில் கையெழுத்து வாங்கினார்கள். தேநீர் விருந்துகள் நடத்தினார்கள். 1845-ம் ஆண்டு மே மாதம் லண்டன் நகரின் கோவென்ட் கார்டன் நாடகக் கொட்டகையில் மாபெரும் சந்தை நடந்தது. விற்பனைப் பொருள்களைத் திரட்டியதிலும் கடைகளை நடத்தியதிலும் பெண்களின் பங்கு பெரிது. வசூலான தொகை ஏறக்குறைய 25 ஆயிரம் பவுன்!

ஓட்டுப் பட்டியலில் கண்

கூட்டமும் கையெழுத்தும் மட்டும் போதாது என்று காப்டனுக்குத் தெரியும். பார்லிமெண்டில் வில்லியர்ஸ் என்ற உறுப்பினர், தானியச் சட்டத்தை எதிர்த்து ஆண்டுதோறும் தீர்மானம் கொண்டு வந்தார். ஆண்டுதோறும் அது தோற்றது.

எனவே லீக் ஓட்டுப் பட்டியலில் கண் வைத்தது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் பெறுமானமுள்ள சொந்த நிலம் இருந்தால், மாவட்டத் தொகுதியில் ஓட்டு உண்டு என்று ஒரு விதி இருந்தது. தன் ஆதரவாளர்களைச் சிறு நிலங்கள் வாங்கச் சொல்லிப் புதிய ஓட்டுகளை உண்டாக்கியது லீக். எதிரிகளின் பெயர்களில் குறை கண்டால் ஆட்சேபித்து நீக்க வைத்தது.

இது நியாயமா என்று அப்போதே பலர் கேட்டார்கள். நிலப்பிரபுக்கள் ஓட்டுகளை எப்படிப் பெற்று வந்தார்கள் என்று லீக் திருப்பிக் கேட்டது.

எதிர்ச் சங்கம்! தொழிலாளர் சந்தேகம்!

நிலச் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1844-ம் ஆண்டு ரிச்மண்டு பிரபுவின் தலைமையில் அவர்களும் ஒரு சங்கம் கண்டார்கள். "வெளிநாட்டுக் கோதுமை வந்தால் நம் விவசாயம் அழியும். கூலிக்காரனுக்கு வேலை போகும்" என்பது அவர்கள் வாதம்.

தொழிலாளர்களிலும் பலர் லீக்கை நம்பவில்லை. எல்லா ஆண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று போராடிய சார்ட்டிஸ்டுகள் என்ற இயக்கத்தினர் ஒரு கேள்வி கேட்டார்கள்: "ரொட்டி மலிந்தால், அதைக் காரணம் காட்டி முதலாளிகள் கூலியைக் குறைக்க மாட்டார்களா?"

ஆக, ஒரே ரொட்டியைச் சுற்றி மூன்று கூட்டங்கள். ஒவ்வொன்றும் தன்னிடமே நியாயம் இருப்பதாகச் சொன்னது!

பதில் சொல்ல முடியாத பிரதமர்

அப்போது பிரதம மந்திரியாக இருந்தவர் சர் ராபர்ட் பீல். அவர் தந்தை பஞ்சாலை முதலாளி. ஆனால் பீல் தலைமை வகித்ததோ நிலப்பிரபுக்களின் கட்சி. தானியச் சட்டத்தைக் காப்பார் என்று நம்பித்தான் 1841-ம் ஆண்டு அவர் கட்சியினர் வெற்றி பெற்றார்கள்.

1845-ம் ஆண்டு மார்ச் மாதம். பார்லிமெண்டில் காப்டன் பேசினார். இந்தச் சட்டத்தால் சாதாரணக் குத்தகை விவசாயிக்குக்கூட நன்மை இல்லை என்று புள்ளி விவரங்களோடு எடுத்துக் காட்டினார்.

பீல் குறிப்பு எடுத்துக் கொண்டிருந்தார். திடீரென்று அந்தத் தாளைக் கசக்கினார். பக்கத்தில் இருந்த மந்திரியிடம், "நீங்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். என்னால் முடியாது" என்று முணுமுணுத்ததாகச் சொல்வார்கள்.

அந்த ஆண்டே இயற்கையும் கை கொடுத்தது. இல்லை, கை கொடுத்தது என்று சொல்லக்கூடாது. அது பெரும் கொடுமை! அயர்லாந்தில் ஏழைகளின் உணவான உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. நிலத்திலேயே கிழங்கு அழுகியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய 10 லட்சம் மக்கள் பசிக்கும் நோய்க்கும் பலியானார்கள். இன்னும் 10 லட்சம் பேர் நாட்டை விட்டே போனார்கள்.

ஜனங்கள் பட்டினி கிடக்கும்போது தானியத்துக்கு வரி போடுவதா? பீல் முடிவு செய்துவிட்டார். 1846-ம் ஆண்டு, தானியச் சட்டத்தை ஒழிக்கும் மசோதாவை அவரே கொண்டு வந்தார்.

அவருடைய கட்சியில் பெரும்பாலோர் அவரை எதிர்த்து நின்றார்கள். எதிர்க்கட்சியினர் ஆதரித்தார்கள். மே மாதம் கீழ்சபையில் மசோதா நிறைவேறியது. ஆதரவாக 327 ஓட்டு. எதிராக 229.

ஜூன் மாதம் மேல்சபையும் இணங்கியது. அதே இரவு, வேறொரு மசோதாவில் பீலைச் சொந்தக் கட்சிக்காரர்களே சேர்ந்து தோற்கடித்தார்கள்! சில நாட்களில் அவர் ராஜினாமா செய்தார். வெற்றியின் பெருமை தமக்கு உரியதல்ல, ரிச்சர்டு காப்டனுக்கே உரியது என்று பார்லிமெண்டிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

லீக்கும் தன் வேலை முடிந்தது என்று கடையைக் கட்டியது. ஓடி ஓடி உழைத்ததில் காப்டனின் சொந்த வியாபாரம் நொடித்துப் போயிருந்தது. மக்கள் ஏறக்குறைய 75 ஆயிரம் பவுன் திரட்டிக் கொடுத்து அவரைக் காப்பாற்றினார்கள்.

ரொட்டி விலை மறுநாளே பாதியாகிவிடவில்லை. அயர்லாந்தின் பஞ்சமும் அதனால் தீரவில்லை. ஆனாலும், நிலப்பிரபுக்கள் நினைத்ததே சட்டம் என்ற காலம் அத்துடன் மலையேறியது.

ஆலைக்குள் வேறு நியாயம்!

கதை இங்கே முடிந்திருந்தால், "நல்லவர்கள் வென்றார்கள்" என்று சொல்லிவிடலாம். ஆனால் முடியவில்லை.

பஞ்சாலைகளில் பெண்களும் சிறுவர்களும் நாளெல்லாம் நின்று உழைத்தார்கள். வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைக்க வேண்டும் என்று தொழிலாளர்கள் ஊர்தோறும் குழுக்கள் அமைத்துப் போராடினார்கள்.

அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? ரொட்டிக்காக முழங்கிய ஜான் பிரைட்! வேலை நேரத்தில் சட்டம் தலையிடக்கூடாது என்றார் அவர்.

தொழிலாளர்களுக்குக் கை கொடுத்தவர்கள் பலர், மான்செஸ்டர் முதலாளிகள் மீது கோபம் கொண்டிருந்த நிலப்பிரபுக்கள்! 1847-ம் ஆண்டு, பெண்களுக்கும் 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கும் பத்து மணி நேரச் சட்டம் நிறைவேறியது. மசோதாவைக் கொண்டு வந்த ஜான் ஃபீல்டன், தாமே ஓர் ஆலை முதலாளி என்பது குறிப்பிடத்தக்கது.

ரொட்டி விஷயத்தில் ஏழைக்கு எதிரி நிலப்பிரபு. ஆலை விஷயத்தில் அதே நிலப்பிரபு ஏழைக்கு நண்பர். ஒரு சங்கம் எப்போதும் நல்லதும் அல்ல. எப்போதும் கெட்டதும் அல்ல.

இந்தியாவுக்கு விழுந்த அடி

இதைவிடப் பெரிய அடி இந்தியாவுக்குக் காத்திருந்தது.

லீக் கலைந்தாலும், சங்கம் சேர்ந்து சர்க்காரை அசைக்கும் வித்தையை மான்செஸ்டர் மறக்கவில்லை. இந்தியாவில் இறங்கிய சீமைத் துணிக்கு அப்போது நூற்றுக்கு 5 வீதம் சுங்க வரி இருந்தது. அது இந்திய சர்க்காருக்கு வருமானம். பம்பாயில் எழுந்து வந்த புதிய ஆலைகளுக்கும் அது ஓரளவு பாதுகாப்பு.

"அந்த வரியை எடு!" என்று 1874-ம் ஆண்டு மான்செஸ்டர் வர்த்தக சங்கம் மனு கொடுத்தது. 1877-ம் ஆண்டு, வசதிப்பட்டவுடன் வரியை நீக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டு தீர்மானம் போட்டது. அதே 1877-ல் சென்னை மாகாணத்தை வாட்டிக் கொண்டிருந்தது, நம் பாட்டன்மார் கதை கதையாகச் சொன்ன தாது வருடப் பஞ்சம்! லட்சக்கணக்கான மக்கள் கஞ்சிக்கு வழியில்லாமல் மாண்டார்கள்.

1879-ல் வைசிராய் லிட்டன், தமது ஆலோசனை சபையில் பெரும்பாலோர் எதிர்த்தும் கேட்காமல், முரட்டுத் துணி மீதான வரியை நீக்கினார். 1882-ல் எல்லாத் துணிக்கும் வரி போயிற்று.

பின்னர் பணமுடை வந்து, சர்க்கார் மறுபடியும் வரி போட நேர்ந்தது. உடனே லங்காஷயர் கிளம்பியது. முடிவு? 1896-ம் ஆண்டு சீமைத் துணிக்கு நூற்றுக்கு மூன்றரை வீதம் வரி. இந்திய ஆலைத் துணிக்கும் அதே மூன்றரை வீதம் கலால் வரி! சொந்த நாட்டில், சொந்தப் பஞ்சில் நெய்த துணிக்கு வரி! பம்பாயும் ஆமதாபாத்தும் மட்டுமல்ல. மற்ற ஊர்களின் ஆலைகளும் அதைச் சுமந்தன.

எப்படி நடந்தது இந்த அநியாயம்? பார்லிமெண்டில் லங்காஷயருக்கு உறுப்பினர்கள் இருந்தார்கள், ஓட்டு இருந்தது, சங்கம் இருந்தது. இந்தியருக்கு அங்கே ஓட்டு இல்லை. முடிவு செய்யும் இடத்தில் யாருடைய குரல் இல்லையோ, அவர்கள் தலையில்தான் பாரம் ஏறும்.

இந்தியரும் பாடம் கற்றார்கள். பம்பாய் ஆலை முதலாளிகள் 1875-லேயே சங்கம் அமைத்திருந்தார்கள். காங்கிரஸ் மகாசபை கலால் வரியைக் கண்டித்தது. சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியது. 1925-ம் ஆண்டு பம்பாய் ஆலை முதலாளிகள் கூலியைக் குறைத்தபோது, லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்த டிசம்பரில் சர்க்கார் கலால் வரியை நிறுத்தி வைத்தது. கூலிக் குறைப்பும் கைவிடப்பட்டது. மறு ஆண்டு, 30 ஆண்டுக் கால வரி அடியோடு ஒழிந்தது.

ரொட்டி யாருக்கு?

இன்று சங்கம் இல்லாத தொழில் இல்லை. வியாபாரிகளுக்குச் சங்கம், விவசாயிகளுக்குச் சங்கம், ஆலை முதலாளிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் தனித்தனிச் சங்கம். மந்திரியைப் பார்ப்பது, மனுக் கொடுப்பது, மாநாடு கூட்டுவது, எல்லாமே மான்செஸ்டர் காட்டிய வழிதான். தவறில்லை. குறையைச் சொல்ல உரிமை இருப்பதுதான் ஜனநாயகம்.

ஆனால் எந்தச் சங்கமும், "எங்கள் லாபத்துக்காகக் கேட்கிறோம்" என்று சொல்வதில்லை. "நாட்டு நன்மைக்காகக் கேட்கிறோம்" என்றே சொல்லும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். உண்மையா, பொய்யா என்று கண்டுபிடிக்க வேண்டியது பொதுமக்கள்.

அதற்கு மூன்று கேள்விகள் போதும். கேட்பது கிடைத்தால் யாருக்கு லாபம்? அதற்குப் பணம் யார் கையிலிருந்து போகும்? அப்படிக் கொடுக்கப் போகிறவர், பேச்சு நடக்கும் இடத்தில் இருக்கிறாரா?

கம்பின் நுனியில் யாராவது ரொட்டியைத் தூக்கிக் காட்டினால், அது பெரிதா சிறிதா என்று பார்ப்பதோடு நிற்கக்கூடாது. அது யார் வீட்டு மாவில் செய்தது என்றும் பார்க்க வேண்டும்!